கையடக்க ஆர்எஃப்ஐடி ஸ்கேனரை குடோன் கணக்கோடு இணைப்பது எப்படி? புதிதாகத் தொடங்குவோருக்கு

பின்னலாடை குடோன் ஒன்றில் கையடக்க ஆர்எஃப்ஐடி ஸ்கேனர்களை இருப்புக் கணக்கோடு இணைக்கும் வேலை என் தலையில் விழுந்தபோது, தேடிய இடமெல்லாம் கிடைத்தவை விற்பனைக் கையேடுகள்தான். துப்பாக்கிபோல் நீட்டினால் போதும், ஸ்டாக் தானாக ஏறிவிடும் என்ற ரகம். ஏறாது. கருவி படிப்பது டேக்கை, அதாவது சரக்கில் ஒட்டும், சிறு சிப் உள்ள லேபிளை. அதில் உள்ள எண்ணை ரேடியோ அலையால் தொடாமலே படிப்பதுதான் ஆர்எஃப்ஐடி. கணக்குக்கு வேண்டியது எந்தச் சரக்கு, எத்தனை, எங்கிருந்து எங்கே போனது என்ற விவரம். இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் வேலையை யாரும் விலைப்புள்ளியில் எழுதித் தருவதில்லை. பணமும் நாளும் கரைவது அங்கேதான்.

சில மீட்டர் தொலைவிலிருந்தே படிக்கக்கூடிய யுஎச்எஃப் வகை டேக்குகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அலுவலகக் கதவில் தொட்டுக் காட்டும் அட்டை வேறு தொழில்நுட்பம். உதாரணங்கள் திருப்பூர் மாதிரியான ஆயத்த ஆடை குடோனிலிருந்து வருகின்றன. கணக்கு மென்பொருள் இஆர்பிநெக்ஸ்ட் அல்லது டேலி என்று வைத்துக்கொள்கிறேன். உங்களுடையது வேறு என்றால் 8ஆம் படி மட்டும் மாறும்.

1. டேக் உருப்படிக்கா, பெட்டிக்கா?

கருவியின் விலையைக் கேட்டு மலைப்பவர்கள் டேக்கின் விலையைக் கூட்டிப் பார்ப்பதில்லை. கருவி ஒருமுறைச் செலவு. டேக் மாதாமாதச் செலவு. காகித லேபிள் வகை டேக் ஒன்று 6 ரூபாய் என்று வையுங்கள். மாதம் 1 லட்சம் உருப்படி வெளியே போகும் குடோனில் ஒவ்வொன்றுக்கும் ஒட்டினால் மாதம் 6 லட்சம் ரூபாய். 48 உருப்படி அடங்கும் அட்டைப்பெட்டிக்கு ஒன்று வீதம் ஒட்டினால் ஏறத்தாழ 2,100 டேக். 12,600 ரூபாயில் வேலை முடிந்துவிடும்.

பெட்டிக்கு மட்டும் ஒட்டினால், உள்ளே எம் சைஸில் இரண்டு குறைவதைக் கருவி சொல்லாது. அந்தக் குறை உங்கள் தொழிலில் எவ்வளவு அடிக்கடி வருகிறது, வந்தால் எவ்வளவு நட்டம் என்று பேக்கிங் பிரிவில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். உள்நாட்டு மொத்த வியாபாரத்துக்குப் பெட்டி அளவே போதும் என்பது என் கருத்து. ஏற்றுமதியில் சில வாங்குபவர்கள் தாங்கள் நியமித்த லேபிள் நிறுவனத்திடமிருந்துதான் டேக் வாங்க வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதிவிடுகிறார்கள். அப்படியானால் யோசிக்கவே வேண்டாம். டேக் எப்படியும் உடையில் தொங்கப்போகிறது. உருப்படி அளவிலேயே எண்ணுங்கள்.

2. பணம் கட்டும் முன் கையில் வாங்க வேண்டிய காகிதங்கள்

இந்தியாவில் இந்தக் கருவிகளுக்கு உரிமம் இல்லாமல் அனுமதிக்கப்பட்ட அலைவரிசை 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை. அமெரிக்காவுக்கான கருவிகள் 902 முதல் 928 வரை இயங்குபவை. இணையத்தில் மலிவாக வரும் பழைய அமெரிக்கக் கருவி நம் டேக்குகளையும் நன்றாகவே படிக்கும். பல டேக்குகள் இரு அலைவரிசைகளுக்கும் பதில் சொல்லக்கூடியவை. அதனால் தப்பு வெளியில் தெரியாது. ஆனால் அது நம் ஊர் 900 மெகாஹெர்ட்ஸ் செல்பேசி அலைவரிசையில் போய் உட்காருகிறது, சட்டப்படி செல்லாது. சில மாடல்களில் நாடு என்ற அமைப்பை மாற்றவே முடியாதபடி தொழிற்சாலையிலேயே பூட்டியிருப்பார்கள். ஆகவே விலைப்புள்ளியில் மாடல் எண்ணோடு 'இந்தியா, 865–868' என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

அடுத்தது இடிஏ எனப்படும், ரேடியோ கருவிக்கான அனுமதிச் சான்றிதழ். தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு, சரள் சஞ்சார் இணையதளம் வழியாக வழங்குவது. இறக்குமதி செய்தவர் இதை வைத்திருக்க வேண்டும். நகல் கேட்டால் மறுக்கக் கூடாது. நகலில் உள்ள மாடல் எண்ணும் உங்களுக்கு வரும் பெட்டியில் உள்ள மாடல் எண்ணும் கடைசி எழுத்துவரை ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே கருவிக்குக் கேமரா உள்ளது, இல்லாதது, நீண்ட தூரம், குறைந்த தூரம் என்று பல உட்பிரிவுகள் இருக்கும். சான்றிதழ் ஒன்றுக்கும் சரக்கு இன்னொன்றுக்கும் இருப்பதுண்டு. நீங்களே வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைத்தால் இந்தச் சான்றிதழ் உங்கள் பொறுப்பு. அது இல்லாமல் சரக்கு சுங்கத்தில் நிற்கும். ஒன்றிரண்டு கருவிகளுக்காக அந்த வழியில் போக வேண்டாம்.

சார்ஜரிலும் பேட்டரியிலும் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் பதிவு எண் அச்சாகியிருக்க வேண்டும். இன்வாய்ஸில் ஒவ்வொரு கருவியின் வரிசை எண்ணும் தனித்தனியே வர வேண்டும். வாரண்டி கேட்கும் நாளில் அதுதான் பேசும்.

மிக முக்கியமான காகிதத்தைப் பலர் கேட்பதேயில்லை. கருவியோடு பேசும் செயலியை நீங்களே எழுத, தயாரிப்பாளர் தரும் எஸ்டிகே என்ற நிரல் தொகுப்பு வேண்டும். அது இலவசமா, கருவிக்கு இவ்வளவு என்று கட்டணமா, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டுமா என்று எழுத்தில் வாங்குங்கள். கருவியை மலிவாகக் கொடுத்துவிட்டு, அதன் தகவலை வெளியே எடுக்க ஆண்டுக் கட்டணம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அப்போது கருவி உங்களுடையது, அதன் வாய் அவருடையது.

3. டெமோ உங்கள் குடோனில் நடக்கட்டும்

விற்பவரின் மேசைமேல் எல்லா டேக்கும் படும். குளிரூட்டிய அறை, மர மேசை, பத்து டேக் என்றால் படாமல் என்ன செய்யும்? உங்கள் இரும்பு ரேக், உங்கள் பெட்டி, உங்கள் பாலிபேக் ஆகியவற்றோடு சோதிக்கச் சொல்லுங்கள். மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

சோதிக்கும் முறை எளிது. 48 டி-ஷர்ட் உள்ள ஒரு பெட்டியைக் கையால் எண்ணி மூடுங்கள். முதலில் அதை லோடிங் பகுதியில், வேறு டேக் எதுவும் அருகில் இல்லாத இடத்தில் வைத்துப் படியுங்கள். 48 வர வேண்டும். 47 வந்தால் பெட்டியைப் பிரித்துப் படாத ஒன்றைத் தேடி எடுங்கள். பெரும்பாலும் டேக் மடிந்திருக்கும்; அல்லது இரண்டு உடைகளின் டேக்குகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டினாற்போல் படுத்திருக்கும். நெருக்கமாக அடுக்கிய டேக்குகள் ஒன்றின் அலையை மற்றொன்று கெடுக்கும். பேக்கிங்கில் ஒரு உடைக்கு இடப்பக்கம், அடுத்ததற்கு வலப்பக்கம் என்று டேக் வருமாறு மாற்றி அடுக்கச் சொன்னாலே இந்தச் சிக்கல் பெரிதும் தீர்ந்துவிடும். ஃபாயில் பிரிண்ட், சரிகை, உலோகப் பொத்தான் இருக்கும் உடைகளைத் தனியாகச் சோதியுங்கள். உலோகமும் நீரும் இந்த அலைக்குப் பகை. ஈரம் காயாமல் பாலிபேக்கில் போன சரக்கும் படாமல் போகும்.

அடுத்து அதே பெட்டியை ரேக்கில் வைத்துப் படியுங்கள். இப்போது 51 வரும். பக்கத்துப் பெட்டியிலிருந்து மூன்று சேர்ந்துகொண்டன. புதியவர்கள் குறைவாகப் படிப்பதைக் கண்டுதான் பயப்படுகிறார்கள். குடோனில் உண்மையான தொல்லை அதிகமாகப் படிப்பதுதான். அட்டைச் சுவரும் துணியும் இந்த அலையைத் தடுப்பதில்லை. ஆற்றலைக் குறைத்து, எந்த அளவில் 48 மட்டும் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண் 6ஆம் படியில் தேவைப்படும்.

4. டேக்குக்குள் என்ன எண் இருக்கும்?

டேக்கில் இரண்டு எண்கள் உங்களுக்கு முக்கியம். டிஐடி என்பது சிப் தயாரிப்பாளர் எழுதியது; மாற்ற முடியாது. இபிசி என்பது நாம் எழுதுவது. வழக்கமாக 96 பிட், அதாவது 0 முதல் 9, ஏ முதல் எஃப் வரை கொண்ட பதினாறடிமான எண்முறையில் 24 எழுத்துகள். கருவி படித்துக் காட்டுவது இபிசியைத்தான்.

வெற்று டேக் ரோல் வாங்கினால் அதில் ஏற்கெனவே ஏதோ ஒரு இபிசி எழுதப்பட்டிருக்கும். சில ரோல்களில் எல்லா டேக்கிலும் ஒரே எண் இருக்கும். அப்படியே ஒட்டிப் படித்தால் நூறு உருப்படியும் ஒன்றாகத் தெரியும். ரோல் வந்ததும் பத்து டேக்கைப் படித்துப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள்.

உலகப் பொதுப் பார்கோடு எண்களை வழங்கும் ஜிஎஸ்1 அமைப்பின் எண் உங்களிடம் இருந்தால் எஸ்ஜிடின்-96 என்ற முறையில் எழுதலாம். அந்த இபிசி எப்போதும் 30 என்று தொடங்கும். உள்ளே நிறுவன எண், பொருள் எண், உருப்படியின் தொடர் எண் மூன்றும் இருக்கும். தொடர் எண்ணுக்கு 38 பிட் இடம். 274,877,906,943 வரை போகலாம் என்பதால் எண் தீர்ந்துவிடுமோ என்ற கவலை வேண்டாம். ஜிஎஸ்1 இந்தியாவில் புதிதாகப் பதிவு செய்ய பான் கார்டு, ஜிஎஸ்டி பதிவுச் சான்று, இருப்புநிலைக் குறிப்பு, நிறுவனப் பதிவு அல்லது கூட்டாண்மைப் பத்திரம், ரத்து செய்த காசோலை ஆகியவற்றை எடுத்து வையுங்கள். இருப்புநிலைக் குறிப்பு எதற்கு என்றால், கட்டணம் உங்கள் ஆண்டு விற்றுமுதலைப் பொறுத்தது.

சரக்கு உங்கள் குடோனை விட்டுப் போகாது, அல்லது வெளியே யாரும் படிக்கப்போவதில்லை என்றால் சொந்த எண் முறையே போதும். ஒரு நிபந்தனை: 30 என்றோ 31 என்றோ தொடங்காதீர்கள். 31 பெட்டிகளுக்கான எஸ்எஸ்சிசி முறையின் தொடக்கம். உங்கள் சொந்த எண் 30 என்று தொடங்கினால் மற்றவரின் மென்பொருள் அதை ஜிஎஸ்1 எண் என்று எண்ணிப் பிரித்து, யாருடைய பொருளையோ காட்டும்.

வாங்குபவர் அனுப்பிய டேக்குகளில் இபிசி ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும். அதைப் பிரித்தால் ஜிடின் எண், அதாவது பார்கோடில் இருக்கும் பொருள் எண், கிடைக்கும். ஜிடினுக்கு எந்த ஐட்டம் என்ற பட்டியல் ஒன்று போதும், ஒவ்வொரு டேக்குக்கும் பட்டியல் வேண்டியதில்லை. ஆனால் பிரிப்பதற்கு எக்செல் சூத்திரம் எழுதிக் கொடுக்கிறேன் என்று யாராவது முன்வந்தால் தடுத்துவிடுங்கள். முதல் 14 பிட், எந்த முறை என்று காட்டும் தலைப்புக்கும், உருப்படியா பெட்டியா என்று காட்டும் வடிகட்டிக்கும், பிரிவு எண்ணுக்கும் போய்விடுகிறது. ஓர் எழுத்து 4 பிட்; 14 நான்கால் வகுபடாது என்பதால் நிறுவன எண் ஏதோ ஒரு எழுத்தின் நடுவில் தொடங்குகிறது. எழுத்துகளை வெட்டி எடுக்க முடியாது. நிறுவன எண் எத்தனை இலக்கம் என்பதும் பிரிவு எண்ணைப் பொறுத்து மாறும். சரிபார்ப்பு இலக்கம் இபிசியில் இருக்கவே இருக்காது. திரும்பக் கணக்கிட்டுச் சேர்க்க வேண்டும். இதையெல்லாம் செய்யும் நூலகங்கள் பைதான், ஜாவா இரண்டிலும் தயாராகக் கிடைக்கின்றன.

நீங்களே எழுதுவதானால் இரண்டு வழி. ஆர்எஃப்ஐடி பிரிண்டர் லேபிளை அச்சிடும்போதே எண்ணையும் எழுதிவிடும். கையடக்கக் கருவியாலும் எழுதலாம், ஆனால் பக்கத்து டேக்கில் எழுதிவிடும் ஆபத்து உண்டு. மற்ற டேக்குகளை அறையை விட்டு வெளியே வைத்துவிட்டு, குறைந்த ஆற்றலில், ஒவ்வொன்றாக எழுத வேண்டும். மாதம் சில நூறு டேக்குக்கு மேல் போனால் பிரிண்டர் வாங்கிவிடுங்கள். எழுதியபின் பூட்ட மறக்காதீர்கள்: புதிய டேக்கின் அணுகு கடவுச்சொல் எட்டுச் சுழியம். அதை மாற்றிப் பூட்டாவிட்டால் எந்தக் கருவியாலும் யாரும் மேலெழுதலாம்.

5. டேக் பதிவேடு தனியாக இருக்கட்டும்

இந்த இபிசி எந்த ஐட்டம், எந்த லாட், எந்தப் பெட்டி, இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்ற அட்டவணையைக் கணக்கு மென்பொருளுக்கு வெளியே, தனித் தரவுத்தளத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இஆர்பிநெக்ஸ்டில் ஒவ்வொரு உருப்படிக்கும் சீரியல் எண் என்ற வசதி இருக்கிறதே, அதிலேயே இபிசியைப் போட்டால் என்ன என்று தோன்றும். விலையுயர்ந்த, எண்ணிக்கை குறைந்த பொருளுக்குப் போடலாம். ஒரு டெலிவரியில் ஐயாயிரம் டி-ஷர்ட் போகும் இடத்தில் ஒவ்வொரு ஆவணமும் ஐயாயிரம் சீரியல் எண்ணைச் சுமந்து தள்ளாடும். கணக்குக்கு எண்ணிக்கை மட்டும் போகட்டும். எந்த டேக் என்ற விவரம் பதிவேட்டில் இருக்கட்டும்.

இபிசியை எல்லா இடத்திலும் பெரிய எழுத்திலேயே சேமியுங்கள். ஒரு கருவி பெரிய எழுத்திலும் இன்னொன்று சிறிய எழுத்திலும் அனுப்பி, ஒரே டேக் இரண்டாகப் பதிவாவது மிகச் சாதாரணம்.

எக்செலை இந்த வழியில் எங்குமே நுழைய விடாதீர்கள். 24 எழுத்துகளில் 'இ' என்ற ஆங்கில எழுத்து ஒன்று மட்டும் இருந்து மற்றவை இலக்கங்களாக அமைந்துவிட்டால், எக்செல் அதை அடுக்கு எண் என்று எண்ணி மாற்றிவிடக்கூடும். முழுக்க இலக்கமாக இருந்தால் 15 இலக்கத்துக்குப் பிறகு எல்லாம் சுழியமாகும். கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு, சேமிக்கவா என்று கேட்டதும் பழக்கதோஷத்தில் ஆம் என்று தட்டினாலே போதும், எண் போய்விடும். எல்லாம் கெடாமல் சில மட்டும் இப்படிக் கெடும் என்பதால் கண்டுபிடிப்பதும் கடினம்.

6. கருவியில் செய்ய வேண்டிய அமைப்புகள்

நாடு: முதலில் இந்தியா என்று தேர்ந்தெடுங்கள். பல கருவிகள் இதைச் செய்யும்வரை படிக்கவே மறுக்கும். கருவி பழுது என்று திருப்பி அனுப்பியவர்கள் உண்டு.

ஆற்றல்: கருவியில் இது டிபிஎம் என்ற அலகில் இருக்கும். 30 டிபிஎம் என்றால் 1 வாட். முழு ஆற்றல் தேவைப்படுவது குடோனில் தொலைந்ததைத் தேடும்போது மட்டும்தான். பெட்டியைச் சரிபார்க்க, 3ஆம் படியில் குறித்த எண்ணை வையுங்கள். செயலியில் 'பெட்டி சரிபார்ப்பு', 'ரேக் எண்ணிக்கை', 'தேடல்' என்று மூன்று பொத்தான்கள் வைத்து ஒவ்வொன்றுக்கும் ஆற்றலை உள்ளேயே நிலைப்படுத்திவிடுங்கள். ஊழியர் கையில் ஆற்றலைக் கூட்டும் வசதி இருந்தால் அது எப்போதும் முழு அளவில்தான் இருக்கும்.

செஷன்: ஒருமுறை பதில் சொன்ன டேக் எவ்வளவு நேரம் அடங்கியிருக்க வேண்டும் என்ற அமைப்பு. எஸ்0 என்றால் டேக் ஓயாமல் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும், ஒன்றைத் தேட இது நல்லது. எஸ்1 என்றால் ஒருமுறை பதில் சொன்ன டேக் அரை நொடி முதல் 5 நொடி வரை அடங்கியிருக்கும். எஸ்2, எஸ்3 இரண்டிலும் அலை பட்டுக்கொண்டிருக்கும் நேரம் முழுவதும், அது நின்றபின் குறைந்தது 2 நொடியும் அடங்கியே இருக்கும்; பெருங்கூட்டத்தை எண்ண இவை ஏற்றவை. ஒரு பொறி உண்டு. இரண்டு பேர் ஒரே வரிசையில் இரு பக்கமிருந்து எஸ்2-வில் எண்ணினால், முதல் கருவி அடக்கிவைத்த டேக்குகள் இரண்டாவது கருவிக்குப் பதில் சொல்லாது. இரண்டாவதற்கு எஸ்3 கொடுங்கள்.

வைஃபை: குடோனின் கடைசி ரேக்குக்குப் பின்னால் போய் நின்று சிக்னல் பாருங்கள். சரக்கு நிறைந்திருக்கும் சீசன் நாளில் பாருங்கள். காலி குடோனில் எல்லா மூலைக்கும் எட்டும். எட்டாவிட்டால் ரவுட்டருக்குச் செலவழிப்பதைவிட, கருவி தகவலைத் தனக்குள் சேமித்துப் பிறகு அனுப்பும்படி செயலியை எழுதுவது நல்லது. அது எப்படியும் தேவைப்படும்.

கடிகாரம்: கருவியின் நேரத்தைத் தானியங்கியாக வையுங்கள். சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடினால், இரவு 12 மணிக்கும் காலை 5:30-க்கும் இடையில் ஏற்றிய லாரி முந்தைய தேதியில் பதிவாகும். மாதக் கடைசி இரவில் இது நடந்தால் கணக்காளர் உங்களைத் தேடி வருவார்.

7. கருவியிலிருந்து தகவலை எடுக்கும் வழி

மூன்று வழிகள் உள்ளன. மூன்றையும் விற்பவர் 'இணைப்பு' என்ற ஒரே சொல்லால்தான் சொல்வார்.

முதலாவது, விசைப்பலகை முறை. கருவி படித்ததை, யாரோ தட்டச்சு செய்வதுபோல, திரையில் திறந்திருக்கும் கட்டத்தில் நிரப்பும். பத்து நிமிடத்தில் ஓடிவிடும், டெமோவில் அழகாக இருக்கும். பார்கோடுக்கு இது சரி. ஒரே அழுத்தலில் நூற்றுக்கணக்கான டேக் வரும் ஆர்எஃப்ஐடிக்குச் சரிவராது: கர்சர் நகர்ந்தால் எண்கள் வேறு கட்டத்தில் கொட்டும், ஒரே டேக் பலமுறை வரும், எது விட்டுப்போனது என்று யாருக்கும் தெரியாது.

இரண்டாவது, கோப்பு முறை. தயாரிப்பாளரின் செயலியிலேயே படித்து, சிஎஸ்வி கோப்பாக எடுத்து, சர்வரில் ஏற்றுவது. பழைய முறையாகத் தோன்றும். ஆனால் தொடக்கத்தில் இதையே பரிந்துரைக்கிறேன். செயலி எழுத ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல், உங்கள் டேக், உங்கள் பதிவேடு, உங்கள் எண்ணிக்கை சரியாக வருகிறதா என்று பார்த்துவிடலாம். இதில் வராத கணக்கு எந்தச் செயலியிலும் வராது.

மூன்றாவது, எஸ்டிகே வழியாக எழுதும் சொந்த ஆண்ட்ராய்டு செயலி. நிலையான தீர்வு இதுதான். எழுதுபவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டியவை சில. ஒரே டேக் எத்தனை முறை பட்டாலும் ஒருமுறைதான் எண்ண வேண்டும். ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் கருவியே தனி அடையாள எண் ஒன்று கொடுத்து அனுப்ப வேண்டும். வைஃபை அறுந்து இரண்டாம் முறை அனுப்பினாலும் சர்வர் அந்த எண்ணைப் பார்த்து, இது வந்துவிட்டது என்று ஒதுக்க வேண்டும். இது இல்லாத செயலியில், ஊழியர் பொறுமையிழந்து இரண்டு முறை அழுத்தினால் இருப்பு இரண்டு மடங்காகும். மூன்றாவதாக, எதிர்பார்த்த பட்டியலைத் திரையில் வைத்து, வந்தது, வராதது, வரக்கூடாதது என்று மூன்றாகப் பிரித்துக் காட்ட வேண்டும். வெறும் மொத்த எண்ணிக்கை காட்டும் செயலி ஆபத்தானது: ஒன்று படாமல், பக்கத்துப் பெட்டியின் ஒன்று பட்டாலும் 48 என்றே காட்டும்.

உள் வலையமைப்பில் சர்வர் இருந்தால் இன்னொன்று. ஆண்ட்ராய்டு 9 முதல், பாதுகாப்புச் சான்றிதழ் இல்லாத சாதாரண எச்டிடிபி இணைப்பை இயங்குதளம் இயல்பாகவே மறுக்கிறது. கணினி உலாவியில் சர்வர் திறக்கும், கருவியில் உள்ள செயலியில் திறக்காது. வைஃபையைக் குற்றம் சொல்லும் முன் இதைப் பாருங்கள்.

8. கணக்கில் எந்தக் கட்டத்தில் ஏற வேண்டும்?

படித்ததெல்லாம் உடனே கணக்கில் ஏறக் கூடாது. ஊழியர் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு ரேக்குகளுக்கு இடையே நடக்கும்போது விசை அழுந்தினால்கூட டேக்குகள் படும். கணக்கில் ஏறுவதற்கு ஒரு காரணம் வேண்டும்: சரக்கு வரவு, இடமாற்றம், டெலிவரி, இருப்புச் சரிபார்ப்பு. ஊழியர் முதலில் காரணத்தைத் தேர்ந்தெடுத்து, டெலிவரி சலான் எண்ணையும் கொடுத்த பிறகே விசை வேலை செய்ய வேண்டும்.

இஆர்பிநெக்ஸ்ட் என்றால் கருவிகளுக்கென்று தனிப் பயனர் ஒருவரை உருவாக்கி, ஸ்டாக் சம்பந்தப்பட்ட உரிமைகளை மட்டும் கொடுங்கள். அவருடைய ஏபிஐ (வெளி நிரல்கள் மென்பொருளோடு பேசும் வழி) சாவியும் ரகசியச் சாவியும், கருவிக்கும் இஆர்பிநெக்ஸ்டுக்கும் நடுவில் உள்ள சர்வரில் இருக்கட்டும். கருவியில் வைக்காதீர்கள், கருவி தொலையும் பொருள். ஏபிஐ வழியாக உருவாக்கிய ஆவணம் வரைவு நிலையிலேயே நிற்கும். சமர்ப்பிக்கும்வரை இருப்பு மாறாது. இதைக் குறை என்று எண்ணித் தானாகச் சமர்ப்பிக்கும்படி எழுதச் சொல்வார்கள். வேண்டாம். குறைந்தது முதல் சில மாதங்களுக்கு ஸ்டோர் கீப்பர் வரைவைத் திறந்து, எண்ணிக்கையைப் பார்த்து, அவர் கையால் சமர்ப்பிக்கட்டும். 417 என்ற பிழை எண் வந்தால் இணைப்புக் கோளாறு அல்ல. விதி ஏதோ மீறப்பட்டிருக்கிறது. இருப்பு எதிர்மறையாகப் போவது, ஐட்டம் முடக்கப்பட்டிருப்பது போன்றவை. பதிலின் உள்ளே காரணம் எழுதியிருக்கும்.

டேலி என்றால் கருவியை நேரடியாக டேலியோடு பேசவிடாதீர்கள். டேலிபிரைம் ஓடும் கணினியில் இணைப்பு அமைப்புகளுக்குப் போய் அதைச் சர்வராகவும் இயங்கச் செய்தால், வழக்கமாக 9000 என்ற போர்ட்டில் எக்ஸ்எம்எல் வடிவில் தகவல் வாங்கிக்கொள்ளும். நடுவில் ஒரு சிறு நிரல் இருந்து, வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றாக அனுப்பட்டும். கணினியில் டேலி திறந்திருக்க வேண்டும், சரியான நிறுவனமும் ஏற்றப்பட்டிருக்க வேண்டும். இரவில் கணக்காளர் மூடிவிட்டுப் போனால் தகவல் வரிசையில் காத்திருக்க வேண்டும். ஸ்டாக் ஐட்டத்தின் பெயர் ஓர் இடைவெளிகூட மாறாமல் டேலியில் உள்ளபடியே இருக்க வேண்டும். பதில் வந்துவிட்டது என்பதாலேயே பதிவாகிவிட்டது என்று எண்ணாதீர்கள். உருவானவை எத்தனை, பிழை எத்தனை என்று அந்தப் பதிலுக்குள்ளேயே எண்ணிக்கை இருக்கும், அதைப் படிக்க வேண்டும். இருப்புச் சரிபார்ப்புக்கு 'பிசிகல் ஸ்டாக்' வவுச்சர் இருக்கிறது. உரிமம் இல்லாத கல்விப் பதிப்பில் சோதித்தால் மாதத்தின் 1, 2 போன்ற சில தேதிகளில் மட்டுமே பதிவாகும். இது தெரியாமல் நிரலைக் குடைந்துகொண்டிருக்க வேண்டாம்.

9. செலவு, காலம்

எங்களுக்கு வந்த விலைப்புள்ளிகளில் ஆண்ட்ராய்டு கருவிகள் ஏறத்தாழ 80,000 ரூபாயில் தொடங்கி இரண்டரை லட்சம் வரை இருந்தன. காகித டேக் 5 முதல் 9 ரூபாய். உலோகத்தின்மேல் ஒட்டும் வகை அதைப்போல் பல மடங்கு. பிரிண்டர் ஒன்றரை லட்சத்துக்குக் குறையவில்லை. எல்லாவற்றுக்கும் மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம். உள்ளீட்டு வரிவரவு எடுக்கலாம் என்பதால் இன்வாய்ஸில் உங்கள் ஜிஎஸ்டி எண் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். உதிரி பேட்டரி, சார்ஜர் தொட்டில், ரப்பர் உறை ஆகியவை பெரும்பாலும் விலையில் சேராது. கருவிக்கு ஓர் உதிரி பேட்டரி கட்டாயம். முழு ஆற்றலில் தொடர்ந்து படித்தால் ஒரு ஷிஃப்டுக்குத் தாங்காது.

செயலி எழுதும் செலவுக்கு நிலையான விலை கிடையாது. மணிக்கணக்கில் ஒப்பந்தம் போடாமல், 7ஆம் படியில் சொன்ன மூன்று நிபந்தனைகளும் நிறைவேறினால் இவ்வளவு என்று போடுங்கள். மூன்றில் ஒரு பங்குப் பணத்தை, பழைய முறையும் புதிய முறையும் சேர்ந்து ஓடும் இணையோட்டம் (10ஆம் படி) முடியும்வரை நிறுத்தி வையுங்கள்.

விற்பவரிடம் கையிருப்பு இல்லாவிட்டால் கருவி வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அந்த நாட்களைச் சும்மா விடாமல் ஐட்டம் பட்டியலைச் சீர்செய்யுங்கள். ஒரே ஸ்டைல் 'நேவி' என்றும் 'நேவி புளூ' என்றும் இரண்டு ஐட்டமாக இருக்கும். டேக் ஒட்டிய பிறகு அதைத் திருத்துவது மிகக் கடினம். டேக் ஆர்டரை, அது எவ்வளவு அவசரமானாலும், டெமோவில் மாதிரி டேக் தேறிய பிறகே கொடுங்கள். தொடங்கும் தேதியைத் தீபாவளிச் சரக்கு ஏற்றும் காலத்திலோ நிதியாண்டு முடியும் மார்ச்சிலோ வைக்காதீர்கள்.

10. இணையோட்டமும் அதன் பிறகும்

ஒரு முழு இருப்புச் சரிபார்ப்புச் சுற்று முடியும்வரை பழைய முறையும் புதிய முறையும் சேர்ந்தே ஓடட்டும். குடோன் முழுவதும் ஒரே நாளில் தொடங்காமல் ஒரு வாங்குபவரின் சரக்கை மட்டும் எடுங்கள். இரண்டு கணக்கும் ஒத்துப்போகாத ஒவ்வொரு இடத்திலும் மூன்றாவது முறை கையால் எண்ணி, தவறு எந்தப் பக்கம் என்று நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பல இடங்களில் பழைய கணக்குதான் தப்பாக இருக்கும். அதை முதலாளியிடம் எப்படிச் சொல்வது என்பது உங்கள் பாடு.

லேபிளின்மேல் பார்கோடையும் சேர்த்தே அச்சிடுங்கள். டேக் செத்துப்போன உருப்படியை அதே கருவியின் பார்கோடு ஸ்கேனரால் படித்து, புதிய டேக் ஒட்டி, பதிவேட்டில் பழைய இபிசியை நீக்கிப் புதியதைச் சேர்க்க ஒரு தனித் திரை வேண்டும். இந்தத் திரையைச் செயலி எழுதுபவர் கேட்காமல் தர மாட்டார். விற்பனைக்குப் பின் திரும்பி வரும் சரக்குக்கும் ஒரு திரை வேண்டும். இல்லாவிட்டால், ஏற்கெனவே வெளியே போனது என்று பதிவேடு அதை ஏற்க மறுக்கும்.

கருவி பழுதானால் வெளி மாநிலச் சேவை மையத்துக்கு அனுப்ப நேரலாம். இது விற்பனை இல்லை என்பதால் இன்வாய்ஸ் வேண்டாம். டெலிவரி சலான் போட வேண்டும். மாநிலம் தாண்டும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் இ-வே பில்லும் எடுக்க வேண்டும். ஒரே ஒரு கருவியே அந்த வரம்பைத் தாண்டிவிடும். தமிழ்நாட்டுக்குள் என்றால் வரம்பு 1 லட்சம் ரூபாய். சலானில் வரிசை எண்ணை எழுதி, 'பழுது நீக்க, விற்பனைக்கு அல்ல' என்று குறிப்பிடுங்கள். அனுப்பும் முன் பேட்டரியைக் கழற்றி உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். லித்தியம் பேட்டரி உள்ள பார்சலைக் கூரியர்காரர்கள் விமானத்தில் ஏற்றத் தயங்குவார்கள். கருவியில் அனுப்பப்படாமல் காத்திருக்கும் பதிவுகள் ஏதாவது இருக்கின்றனவா என்று பார்த்து, அவற்றை ஏற்றிவிட்டு அனுப்புங்கள். சேவை மையத்தில் முதலில் செய்வது கருவியைத் தொழிற்சாலை நிலைக்குத் துடைத்தெடுப்பதுதான்.